அந்த மூன்று புள்ளிகளை ஆட்டக்காரரிடம் விட்டுவிடுங்கள்: டிஎம்களுக்கு ஒரு திறந்த மடல்

மேசை நடத்தும் டிஎம் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களைப் போல நானும் ஒரு டஞ்சன் மாஸ்டர் (டிஎம்), அதாவது கதையை நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, ஐந்து பேரோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன், ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். விதிகள் ஆங்கிலத்தில் இருக்கும், பேச்சு முழுக்கத் தமிழில் நடக்கும். உங்களில் பலருடைய மேசையும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு விதியைப் பற்றித்தான் எழுத வந்தேன். கேரக்டர் உருவாக்கும்போது ஆறு திறன் ஸ்கோர்களில் (பலம் என்கிற ஸ்ட்ரெங்த், லாவகம் என்கிற டெக்ஸ்டெரிட்டி, உடல் உறுதி என்கிற கான்ஸ்டிட்யூஷன், அறிவு என்கிற இன்டெலிஜென்ஸ், விவேகம் என்கிற விஸ்டம், ஈர்ப்பு என்கிற கரிஸ்மா) ஏறுகிற அந்த +2, +1 எங்கே போக வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? ஆட்டக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நம்புகிறேன். உங்கள் மேசையில் அதை நீங்கள் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதே விஷயத்தில் நான் ஒருமுறை மறுத்தேன், அதனால் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 விதிப்புத்தகம் கைக்கு வந்த பிறகு நான் தொடங்கிய முதல் கதைக்கு என் அக்கா மகளும் வந்து சேர்ந்தாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அதுவரை டி20 என்கிற இருபது பக்க டைஸைக் கையில் எடுத்ததே இல்லை. கேரக்டர்களை உருவாக்கும் முதல் சந்திப்பான செஷன் ஜீரோவில் மற்ற நால்வரும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் ஒரு கதையோடு வந்திருந்தாள். அவளுடைய கேரக்டர் ஒரு விசார்ட், அதாவது படித்து மந்திரம் செய்கிற வகுப்பைச் சேர்ந்தவள். வானம் பார்த்த பூமியில் பயிர் வைக்கும் வீட்டுப் பெண். மழை ஏன் ஏமாற்றுகிறது என்று சின்ன வயதிலிருந்தே எல்லோரையும் கேட்டுக் கேட்டு, யாரும் பதில் சொல்லாததால் தானே மந்திரம் படிக்கக் கிளம்பியவள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுடைய அப்பா வழித் தாத்தா விழுப்புரம் பக்கம் இன்றைக்கும் மல்லாட்டை போடுகிறவர். எந்த வருஷம் எந்த மாதம் எத்தனை உழவு மழை பெய்தது என்று காகிதம் பார்க்காமல் சொல்வார். வட்டிக் கணக்கையும் மனசிலேயே போடுவார்.

கேரக்டர் எப்படி வளர்ந்தார், முன்பு என்ன வேலை செய்தார் என்பதைச் சொல்வது பேக்ரவுண்ட். நான் புத்தகத்தில் ஃபார்மர், அதாவது விவசாயி, பேக்ரவுண்டைத் திறந்தேன். ஸ்ட்ரெங்த், கான்ஸ்டிட்யூஷன், விஸ்டம் என்று மூன்று திறன்கள் போட்டிருந்தன, +2, +1 அவற்றுக்குள்தான் போக வேண்டும். விசார்டுக்கு வேண்டியது இன்டெலிஜென்ஸ். அது அங்கே இல்லை.

"சேஜ் எடுத்துக்கோ, விசார்டுக்கு அதான் சரியா வரும்" என்றேன். சேஜ் என்றால் நூல் படித்த அறிஞர்.

"ஏன் மாமா, விவசாயி வீட்டுப் பொண்ணு மந்திரம் படிக்கக் கூடாதா?"

"படிக்கலாம்மா, ஆனா நம்பர் குறையும்."

அவள் ஒன்றும் சொல்லாமல் சேஜ் என்று எழுதிக்கொண்டாள். அதற்கப்புறம் நான்கைந்து மாதம் ஆடினோம். அவளுடைய விசார்ட் எந்த ஊர்க்காரி என்று கதைக்குள் யாராவது கேட்டால், "ஏதோ ஒரு நூலகத்தில் படித்தவள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். மழையைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. புதிதாக ஆடுகிறவள், கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கூச்சமெல்லாம் இல்லை. அவள் கொண்டுவந்த ஆளை நான் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

அந்த "நம்பர் குறையும்" என்பதை முதலில் பார்த்துவிடுவோம். புத்தகம் தரும் நிலையான எண்வரிசையான ஸ்டாண்டர்ட் அரே எடுத்தால் கையில் இருப்பவை 15, 14, 13, 12, 10, 8. விசார்ட் ஆடுகிறவர் 15ஐ இன்டெலிஜென்ஸில் வைப்பார். சேஜ் என்றால் அங்கே +2 சேர்த்து 17, டைஸோடு கூட்டும் எண்ணான மாடிஃபையர் +3. ஃபார்மர் என்றால் 15 அப்படியே நிற்கும், மாடிஃபையர் +2. முதல் லெவலில் ஒருவருடைய மந்திரத்தைத் தாங்க எதிரி 13 எடுக்க வேண்டும், மற்றவருடையதற்கு 12 எடுத்தால் போதும். டி20ல் ஒரு புள்ளி என்பது நூற்றுக்கு ஐந்து.

ஐந்து சதவீதம் பெரிய விஷயமா என்று சிலர் கேட்பார்கள். அதோடு நின்றால் பரவாயில்லை. நான்காம் லெவலில் 17 வைத்திருப்பவர் வார் காஸ்டர் மாதிரி இன்டெலிஜென்ஸில் ஒரு புள்ளி தரும் ஃபீட் (சிறப்புத் திறமை) எடுத்து 18க்குப் போகலாம், மாடிஃபையரும் ஏறும், புதிய திறமை ஒன்றும் கைக்கு வரும். 15 வைத்திருப்பவர் அந்த வாய்ப்பை முழுசாகச் செலவழித்து இரண்டு புள்ளி ஏற்றினால்தான் 17ஐத் தொடுவார், அதாவது மற்றவர் முதல் நாள் நின்ற இடத்தை. ஸ்கோர்களை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் முன்னவர் எட்டாம் லெவலில் 20ஐத் தொட்டுவிடுவார், பின்னவருக்குப் பன்னிரண்டாம் லெவல் ஆகும். நம்மில் எத்தனை பேருடைய கதை பன்னிரண்டாம் லெவல் வரை போயிருக்கிறது? வேலை, கல்யாணம், ஊர் மாற்றம் என்று ஆறேழு லெவலிலேயே மேசை கலைந்துவிடுகிறது. ஆக, பின்தங்கித் தொடங்கியவர் கடைசி வரை பின்தங்கியேதான் ஆடுகிறார்.

இல்லை, இதெல்லாம் சின்ன வித்தியாசம்தான் என்று நீங்கள் சொன்னால், சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சின்னது என்றால் விட்டுக்கொடுப்பதில் உங்களுக்கு என்ன நஷ்டம்?

அடுத்ததாக வருவது மரபு: ட்வார்ஃப், எல்ஃப், ஆர்க் மாதிரி கேரக்டரின் இனத்தோடுதான் போனஸ் வர வேண்டும் என்ற வாதம். "ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான், ட்வார்ஃப் என்றால் உடம்பு உறுதி, எல்ஃப் என்றால் லாவகம், அதையெல்லாம் மாற்றினால் ஆட்டமே போச்சு" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பற்று எனக்குப் புரிகிறது. ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை. 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில் இனத்துக்கு என்று ஸ்கோர் கூடுவதோ குறைவதோ கிடையாது. மூன்று டைஸை உருட்டி வந்ததை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். கட்டு வேறு இடத்தில் இருந்தது. ட்வார்ஃப் என்றால் போர்வீரன் மட்டும்தான் ஆகலாம், அதிலும் ஆறாம் லெவலோடு நின்றுவிட வேண்டும். பிறகு ஹாஃப்லிங் என்று பெயர் பெற்ற குட்டை மனிதர்களுக்கு நான்காம் லெவலோடு கதை முடிந்தது.

1978ல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பில்தான் ட்வார்ஃபுக்குக் கான்ஸ்டிட்யூஷனில் ஒன்று கூட்டி கரிஸ்மாவில் ஒன்று குறைப்பது, எல்ஃபுக்கு டெக்ஸ்டெரிட்டியில் கூட்டி கான்ஸ்டிட்யூஷனில் குறைப்பது என்பதெல்லாம் வந்தது. அதே புத்தகத்தில் பெண் கேரக்டரின் ஸ்ட்ரெங்துக்கு ஆணைவிடத் தாழ்ந்த உச்சவரம்பும் இருந்தது. 18க்கு மேலான பலத்தை நூறு படிகளாகப் பிரித்திருந்தார்கள்; மனித ஆண் 18/100 வரை போகலாம், மனிதப் பெண் 18/50ஐத் தாண்டக் கூடாது. 1989ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்த வரம்பு போய்விட்டது. அது போனதால் ஆட்டம் கெட்டுவிட்டது என்று இன்றைக்கு யாராவது சொல்வார்களா? என் மேசையில் பலத்தால் சண்டையிடும் பார்பேரியன் ஆடும் பெண்ணிடம் அந்தப் பழைய அட்டவணையைக் காட்டினேன். அவள் நம்பவே இல்லை, இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

2000ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எந்த இனமும் எந்த வகுப்பும் ஆகலாம் என்று திறந்துவிட்டார்கள். லெவல் வரம்பும் ஒழிந்தது. ஆனால் ஹாஃப்-ஆர்க்குக்கு ஸ்ட்ரெங்தில் +2 கொடுத்துவிட்டு இன்டெலிஜென்ஸிலும் கரிஸ்மாவிலும் இரண்டிரண்டு பிடுங்கிக்கொண்டார்கள். 2008ல் நான்காம் பதிப்பு பிடுங்குவதை நிறுத்தியது. 2014ன் ஐந்தாம் பதிப்பின் முதல் புத்தகத்திலும் கழித்தல் இல்லை. 2016ல் அரக்க இனங்களை ஆட வழிசெய்த துணைப் புத்தகத்தில் ஆர்க்குக்கு இன்டெலிஜென்ஸில் −2 திரும்பி வந்தது, கோபோல்டுக்கு ஸ்ட்ரெங்தில் −2. 2020 ஜூனில் இந்த ஆட்டத்தை வெளியிடுகிறவர்களே ஓர் அறிக்கை விட்டார்கள். ஆர்க், ட்ரோ போன்ற கூட்டங்களை இதுவரை வர்ணித்த விதம், நிஜ உலகில் சில மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட பேச்சை நினைவூட்டுகிறது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நவம்பரில் வந்த டாஷாவின் புத்தகம் என்கிற விதித் துணைநூல், இனத்தோடு வரும் போனஸை எந்தத் திறனுக்கு வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம் என்றது. 2022ல் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்களைத் திருத்தி எழுதியபோது நிலையான போனஸே இல்லாமல் போய், ஒன்றில் +2 இன்னொன்றில் +1, இல்லாவிட்டால் மூன்றில் +1 என்று ஆட்டக்காரர் கைக்கு வந்தது.

ஐம்பது வருஷக் கதையை இப்படி வேகமாகச் சொல்லிவிட்டேன். நடுவே சில கட்டுகள் விழுந்தாலும், படிப்படியாக ஒவ்வொன்றாக அவிழ்ந்திருக்கின்றன, அவிழ்ந்த எதையும் நாம் பெரிதாகத் தேடுவதில்லை.

பிறகு 2024. ஸ்கோர் கூடுவது பிறப்பிலிருந்து வருவதில்லை, வளர்ந்த விதத்திலிருந்தும் செய்த வேலையிலிருந்தும் வருகிறது என்று பேக்ரவுண்டுக்கு மாற்றினார்கள். படித்ததும் எனக்குப் பிடித்துப்போனது. மூட்டை தூக்கினால் தோள் உரம் ஏறும், கடலில் திரிந்தால் கால் நிதானம் வரும், யாருக்குத்தான் ஒப்புக்கொள்ளத் தோன்றாது? ஆனால் ஒவ்வொரு பேக்ரவுண்டுக்கும் மூன்றே திறன்கள், அந்த மூன்றுக்குள்தான் போட வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். 2022 ஆகஸ்டில் சோதனைக்கு விட்ட வடிவத்தில் இப்படி இல்லை. உங்கள் பேக்ரவுண்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், எந்தத் திறனிலும் போடுங்கள், புத்தகத்தில் இருப்பவை மாதிரிகள் மட்டும் என்றுதான் அதில் இருந்தது. அதைத்தான் நான் விரும்பினேன்.

ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பதினாறு பேக்ரவுண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. இன்டெலிஜென்ஸ் எட்டில் இருக்கிறது, எட்டில் இல்லை. அதாவது விசார்ட் ஆட உட்காருகிறவருக்குப் பாதி வாழ்க்கைகள் எடுத்த எடுப்பிலேயே மூடிவிடுகின்றன. இன்டெலிஜென்ஸோடு கான்ஸ்டிட்யூஷனும் வேண்டும் என்றால் மூன்றுதான் மிச்சம்: குற்றவாளி, வணிகர், சேஜ்.

சத்தியம் செய்த புனித வீரரான பாலடினை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஸ்ட்ரெங்தும் கரிஸ்மாவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பது இரண்டே இடத்தில்: பிரபு, கூத்துக்கலைஞர். படையில் இருந்தவர் ஒருநாள் மனம் மாறிச் சத்தியம் செய்து பாலடின் ஆவது நாம் எல்லோரும் ஒருமுறையாவது ஆடிப் பார்க்க ஆசைப்படும் கதை. சோல்ஜரில் கரிஸ்மா இல்லை. கோயிலில் வளர்ந்த பிள்ளை வாளெடுப்பதும் அதே அளவுக்கு இயல்பான கதைதான். அக்கோலைட்டில் ஸ்ட்ரெங்த் இல்லை. மலையில் தனியாகத் தவமிருந்தவர் கைச்சண்டைத் துறவியான மாங்க் ஆனால்? ஹெர்மிட்டில் டெக்ஸ்டெரிட்டி இல்லை. காட்டு வழி தெரிந்த பார்பேரியன்? கைடில் ஸ்ட்ரெங்த் இல்லை. இந்த நான்கும் விசித்திரமான கேரக்டர்கள் கிடையாது, புதிதாக வருகிற யாருக்கும் முதலில் தோன்றும் ஆட்கள். புத்தகம் அவர்களைத்தான் பின்வரிசைக்கு அனுப்புகிறது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பழைய புத்தகத்துப் பேக்ரவுண்ட் எடுத்தால், அதில் ஸ்கோர் போனஸ் இல்லாததால், எந்தத் திறனில் வேண்டுமானாலும் +2, +1 போட்டுக்கொள்ளலாம் என்று 2024 விதியே சொல்கிறது. அப்படியானால் 2014 புத்தகம் அலமாரியில் வைத்திருக்கும் பழைய ஆட்டக்காரர் ஃபோக் ஹீரோ எடுத்து விசார்ட் ஆகி, இன்டெலிஜென்ஸ் 17 வாங்கிவிடலாம். அவரும் கிராமத்து ஆள்தான். புதிய புத்தகம் மட்டும் வாங்கிய என் அக்கா மகளுக்கு அது கிடையாது. பழகியவருக்குக் கதவு திறந்திருக்கிறது, புதியவருக்குப் பூட்டியிருக்கிறது. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தியது.

ஃபார்மருக்கு இன்டெலிஜென்ஸ் தராததை ஒரு கணக்குப்பிழை மாதிரி நான் பார்க்கவில்லை. விஸ்டம் கொடுத்திருக்கிறார்கள், வானத்தையும் மாட்டையும் படிக்கத் தெரிந்தவர் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் பிறந்த இனத்தில் அறிவுக்கு உச்சி வைப்பது தப்பு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அப்பா செய்த தொழிலில் கொண்டுபோய் வைப்பது எப்படிச் சரியாகும்? இந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேருடைய தாத்தா ஏர் பிடித்தவர், நெசவு நெய்தவர், மரம் ஏறியவர்? தொழிலைப் பார்த்து மூளையை அளக்கும் பேச்சு நமக்குப் புதிதில்லை. அதைக் கேட்டு வளர்ந்த வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, அந்த மூன்று வரி வெறும் விளையாட்டு விதியாகப் படாது. அக்கா மகள் கேட்ட கேள்வியில் அது இருந்தது. எனக்குத்தான் அப்போது காதில் விழவில்லை.

எதிர்ப்பக்கத்தில் கனமான வாதங்களும் உண்டு. அவற்றில் இரண்டு என்னைக் கொஞ்சநாள் யோசிக்க வைத்தன.

முதலாவது, எல்லாம் ஒன்றாகிவிடும் என்பது. மூன்றடி ஹாஃப்லிங்கும் ஏழெட்டு அடி கோலியாத்தும் ஒரே ஸ்ட்ரெங்தா என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பழைய விதியில் மட்டும் இது ஒழுங்காக இருந்ததா? 15ஐ ஸ்ட்ரெங்தில் வைத்த ஹாஃப்லிங் ஃபைட்டரும் 8ஐ அங்கே வைத்த கோலியாத் விசார்டும் ஒரே மேசையில் இருந்தால் ஹாஃப்லிங்தான் வலுவானவர், +2 போட்டாலும் அப்படித்தான். நான்கு டைஸ் உருட்டிச் சின்னதைத் தள்ளும் முறையில் ஸ்கோர் 3லிருந்து 18 வரை எங்கேயும் விழும், சராசரி 12.24. இவ்வளவு அகலமான ஆட்டத்தில் இரண்டு புள்ளி ஓர் இனத்தின் அடையாளத்தைத் தூக்கி நிறுத்தும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

அடையாளம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹாஃப்லிங் 1 உருட்டினால் மறுபடி உருட்டலாம். அந்த நொடியில் மேசை முழுக்க "ஹாஃப்லிங்டா!" என்று கத்துகிறது. உயிர் போகும் அடி வாங்கிய ஆர்க் ஒற்றைப் புள்ளியோடு நிமிர்ந்து நிற்கிறார். எல்ஃப் தூங்குவதில்லை, நான்கு மணி நேரம் தியானத்தில் இருந்துவிட்டு மிச்ச ராத்திரி காவல் இருக்கிறார், அந்தக் காவலில் ஒரு பேச்சு தொடங்குகிறது. கோலியாத் ஐந்தாம் லெவலில் உருவம் பெருத்து நிற்கும்போது அவர் யார் என்று யாரும் ஸ்ட்ரெங்த் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. என் மேசையில் இத்தனை வருஷத்தில் "ஆஹா, கான்ஸ்டிட்யூஷனில் இரண்டு கூடுதல், ட்வார்ஃப் என்றால் சும்மாவா" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாவது வாதம் எனக்கு இன்னும் கடினமாக இருந்தது. திறந்துவிட்டால் எல்லோரும் வகுப்புக்கு வேண்டிய இடத்தில் 17, 16 வைத்துக்கொள்வார்கள், குறையோடு ஆடும் சுவை போய்விடும் என்பார்கள். புத்தி கம்மியான ஆர்க் விசார்ட் முட்டி மோதி மேலே வருவதில் ஒரு கதை இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. நானே அப்படிப் பாட்டால் மந்திரம் செய்யும் பார்ட் ஒன்றை ஆடியிருக்கிறேன், அதற்கு வேண்டிய கரிஸ்மா வெறும் 12. அந்த நாட்களை இன்றும் நினைத்துக்கொள்வேன். ஆனால் அந்தக் குறையை நான் தேர்ந்தெடுத்தேன். போனஸ் ஆட்டக்காரர் கையில் இருந்தால் அவர் அதை ஸ்ட்ரெங்தில் போட்டு இன்டெலிஜென்ஸை 13ல் விட்டு விசார்ட் ஆடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. பூட்டி வைத்தால்தான் ஒருவருடைய சுவை மற்றவர் தலையில் விழுகிறது.

சமநிலை பற்றி ஒன்று. டாஷா வந்த புதிதில் மலை ட்வார்ஃபின் ஸ்ட்ரெங்த் +2ஐ இன்டெலிஜென்ஸுக்கு நகர்த்தி, கவசம் போட்ட விசார்ட் செய்து, இன்டெலிஜென்ஸிலும் கான்ஸ்டிட்யூஷனிலும் இரண்டிரண்டு ஏற்றிக்கொண்டவர்கள் உண்டு. அது உண்மையிலேயே ஓட்டைதான். அந்த இனத்துக்கு மொத்தம் நான்கு புள்ளி கொடுத்திருந்தார்கள், ஸ்ட்ரெங்த் விசார்டுக்கு உதவாது என்ற நம்பிக்கையில். இன்றைக்கு எல்லோருக்கும் மூன்றே புள்ளிதான், ஆக அந்த ஓட்டை தானாகவே அடைபட்டுவிட்டது.

இதே சிக்கலைப் பாத்ஃபைண்டர் என்கிற இதே மாதிரி இன்னொரு ஆட்டம் வேறு வழியில் கையாண்டது. 2019ன் இரண்டாம் பதிப்பில் ஸ்கோர் ஏற்றங்கள் இனத்திலிருந்து, பேக்ரவுண்டிலிருந்து, வகுப்பிலிருந்து, கடைசியில் நான்கு சுதந்திரமாக என்று அடுக்கடுக்காக வரும். பேக்ரவுண்ட் தரும் இரண்டில் ஒன்று எப்போதுமே ஆட்டக்காரர் இஷ்டம். 2022ல் வந்த திருத்தத்தில், இனத்தின் ஏற்றங்களுக்குப் பதிலாக இஷ்டப்பட்ட இரண்டு திறன்களை ஏற்றிக்கொள்ளலாம் என்று எந்த இனத்துக்கும் வழி கொடுத்தார்கள். தொழிலின் சாயலும் இருக்கட்டும், ஆள் தன் வழியில் போகவும் இடம் இருக்கட்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் கையிலும் சாவி இருக்கிறது. 2024 நவம்பரில் வந்த டிஎம் புத்தகத்தில் புதிய பேக்ரவுண்ட் உருவாக்க வழி சொல்லியிருக்கிறார்கள். மூன்று திறன், ஒரு ஃபீட், இரண்டு ஸ்கில், ஒரு கருவி, கொஞ்சம் சாமான். ஆனால் அது இருப்பது டிஎம் புத்தகத்தில். ஆட்டக்காரர் நம்மிடம் வந்து கேட்டால்தான் உண்டு. புதிதாக வருகிறவர்கள் கேட்பதில்லை, நண்பர்களே. மேசைத் தலைமாட்டில் திரை வைத்து உட்கார்ந்திருப்பவரிடம், அதுவும் வயதில் மூத்தவர் என்றால், "எனக்காக விதியை மாற்றுங்கள்" என்று கேட்க நம் பிள்ளைகளுக்கு வாய் வராது. சேஜ் என்று எழுதிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார்கள். அதனால் அவர்கள் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். செஷன் ஜீரோவில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்: "பேக்ரவுண்ட் உங்கள் கதைக்கு ஏற்றதை எடுங்கள், +2, +1 உங்களுக்கு வேண்டிய இடத்தில் போடுங்கள்." இது போதும். நீளமான வீட்டு விதி எதுவும் எழுத வேண்டாம்.

ஃபீட்டையும் ஸ்கில்லையும் மட்டும் நான் பேக்ரவுண்டோடு அப்படியே விட்டுவிடுகிறேன். இதில் நீங்கள் வேறுபடலாம். கற்றுக்கொண்ட வேலை கையில் தங்கும் என்பதை நான் நம்புகிறேன். வயலில் வளர்ந்தவருக்கு டஃப் என்ற ஃபீட் வந்து லெவலுக்கு இரண்டு உயிர்ப்புள்ளி கூடுவது எனக்குச் சரியாகவே படுகிறது. விசார்டுக்கு அது ஒன்றும் கெடுதலும் இல்லை.

ஐந்தாம் லெவல் வந்தபோது அக்கா மகளுடைய ஷீட்டை மறுபடி எடுத்து வைத்தேன். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றேன். பழைய கதையை இப்போதும் வைத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டேன். அவள் பேசவில்லை, அழிரப்பரை எடுத்தாள். சேஜ் போய் ஃபார்மர் வந்தது. இன்டெலிஜென்ஸ் எண்ணில் கைவைக்கவில்லை. சேஜ் கொடுத்த மந்திர ஃபீட் போனது, டஃப் வந்து பத்து உயிர்ப்புள்ளி ஏறியது. அதற்கு அடுத்த வாரம் கேரக்டர்களின் குழு ஒரு வறண்ட கிராமத்தில் தங்கியது. அங்கே ஒரு கிணறு இருப்பதாகச் சொல்லியிருந்தேன், இடத்தை வர்ணிக்க வேண்டுமே என்று சொன்னது. அவளுடைய விசார்ட் நேராகக் கிணற்றடிக்குப் போய், அங்கிருந்த கிழவரிடம் "ஐயா, எத்தனை அடியில் ஊற்று? எந்த வருஷத்திலிருந்து வற்றுகிறது?" என்று கேட்டாள். நான் எதுவும் தயார் செய்திருக்கவில்லை. அன்றைக்குத் திட்டமிட்டிருந்த சண்டை நடக்கவே இல்லை. மூன்று மணி நேரம் அந்தக் கிணற்றைச் சுற்றியே ஆடினோம். பார்பேரியன் உள்ளே இறங்கினாள், ஹாஃப்லிங் கயிற்றைப் பிடித்தார், மற்ற இருவரும் ஊர்ப் பெரியவர்களிடம் பழைய கணக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வருகிற ஞாயிறு இன்னொரு கதை தொடங்குகிறோம். புத்தகத்தின் வரிசைப்படி முதலில் வகுப்பு, அதற்கப்புறம்தான் பேக்ரவுண்ட். நான் ஷீட்டைக் கொடுக்கும்போது பேக்ரவுண்டை முதலில் எழுதச் சொல்லப்போகிறேன், எண்களைக் கடைசியில். உங்கள் மேசையில் இதைச் செய்து பார்த்தால் என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் எழுதுங்கள், உங்கள் காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அன்புடன்,
ஞாயிறு மாலை மேசையின் டிஎம்